மூன்று மணி நேரம் உட்கார முடியாதா? (அண்மையில் பார்த்த படங்கள்)

மாம்பலம்_மணியன் | திங்கள், இரவு 10.12

தீபாவளிக் கூட்டம் வடியட்டும் என்று பொறுத்திருந்து, நேற்று மாலைக் காட்சிக்கு 'பைசன்' போய்வந்தேன். கதை தெரிய வேண்டாம் என்பவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடவும்.

1994 ஆசிய விளையாட்டுப் போட்டி, ஹிரோஷிமா. இந்திய கபடி அணியில் இடம் கிடைத்தும் களத்துக்குள் விடப்படாமல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறான் கிட்டான். அவன் அந்த ஓரம் வரைக்கும் வந்து சேர்ந்த வழிதான் மீதிப் படம். மணத்தி கணேசன் என்ற நிஜ வீரரின் வாழ்க்கையிலிருந்து மாரி செல்வராஜ் எடுத்துக்கொண்ட கதை. நடுவில் ஒரு பஸ் காட்சி வருகிறது. ஆடு ஒன்று சிறுநீர் கழித்துவிடுகிறது, பக்கத்தில் இருப்பவர் மேல் படுகிறது. நடந்தது அவ்வளவுதான். அது எங்கே போய் நிற்கிறது என்று பார்க்கும்போது வயிற்றைப் பிசைந்தது. பசுபதிக்கு இந்த வருடம் யாராவது விருது கொடுக்காவிட்டால் நானே ஒரு சால்வை வாங்கிப் போர்த்திவிடுவேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். படம் இரண்டே முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. எனக்கு நீளம் தெரியவில்லை. பக்கத்து இருக்கைக்காரருக்குத் தெரிந்தது. கைபேசியில் மணி பார்த்துக்கொண்டே இருந்தார், பதினோரு முறை. நான் எண்ணினேன் என்பதிலிருந்து என் கவனம் எங்கே இருந்தது என்று கேட்காதீர்கள். அந்த பஸ் காட்சியில் மட்டும் அவர் பார்க்கவில்லை.

நீங்கள் அண்மையில் என்ன பார்த்தீர்கள்? நீளம் உறுத்தியதா?


தாம்பரம்_தம்பி | திங்கள், இரவு 10.40

அண்ணா, எனக்கு உறுத்தியது. 'பைசன்' நல்ல படம், மறுக்கவில்லை. ஆனால் காதல் பகுதியில் இருபது நிமிடத்தை எடுத்திருந்தால் கபடிக்கு இன்னும் காற்று கிடைத்திருக்கும். இடைவேளைக்குப் பிறகு ஒரே சண்டை மூன்று முறை நடந்த மாதிரி இருந்தது.

நான் சொன்னால் அடிக்க வருவீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். போன வாரம் 'மெய்யழகன்' வீட்டில் பார்த்தேன். வேகத்தை ஒன்றேகாலுக்கு ஏற்றிவைத்துப் பார்த்தேன். ஒன்றும் குறைந்துபோகவில்லை. எல்லாம் புரிந்தது.


வேளச்சேரி_வானதி | திங்கள், இரவு 11.05

தம்பி, கோயில் பிரகாரத்தை ஸ்கூட்டரில் சுற்றிவிட்டு "சாமி நன்றாகத் தெரிந்தது" என்று சொல்கிறீர்கள்.

'மெய்யழகன்' எதைப் பற்றிய படம்? 1996-இல் தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்கு வந்த குடும்பத்தின் மகன், இருபத்திரண்டு வருடம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக அந்தப் பக்கம் போகிறான். அங்கே ஒருவர் "அத்தான், அத்தான்" என்று ஒட்டிக்கொள்கிறார். அவர் பெயர் இவனுக்கு நினைவில்லை. கேட்கவும் வெட்கம். அந்த வெட்கத்தோடு ஓர் இரவு முழுக்க அவர் வீட்டுச் சோற்றைத் தின்று, அவர் அன்பில் நனைய வேண்டும். இந்தச் சங்கடம் ஊற வேண்டுமென்றால் நேரம் வேண்டாமா? அரிசியை ஊறவைக்காமல் மாவாட்டச் சொல்கிறீர்கள்.

இந்தப் படத்தால் எங்கள் வீட்டில் ஒரு சண்டையே நடந்தது. 2024 செப்டம்பரில் படம் வந்த முதல் வெள்ளிக்கிழமை நான் பார்த்துவிட்டேன். அடுத்த வாரம் அம்மா தன் கோயில் கூட்டாளிகள் இரண்டு பேரோடு போய்வந்தார். இரவுச் சாப்பாட்டில் பேச்சு வந்தது. "அந்த ராத்திரிப் பேச்சில் கார்த்தி என்ன போடு போடுகிறார்" என்று நான் ஒரு கட்டத்தைச் சொன்னேன். அம்மா விழித்தார். அப்படி எதுவும் வரவில்லையே என்றார். வந்ததம்மா என்றேன். வரவில்லை என்றார். நான் சிரித்துக்கொண்டே, "நீங்கள் தூங்கியிருப்பீர்கள்" என்றேன். அம்மா தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோனார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பிறகுதான் செய்தியைப் படித்தேன். நீளமாக இருக்கிறது என்ற புகார் வந்ததும் பதினெட்டு நிமிடத்துக்கு மேல் குறைத்துவிட்டார்கள். நான் பார்த்த படம் வேறு, அம்மா பார்த்த படம் வேறு. மன்னிப்புக் கேட்டேன். "எழுபது வயதில் சினிமாக் கொட்டகையில் தூங்குகிறவள் என்று பெயர் வாங்கிக் கொடுத்தாய்" என்பதை அம்மா இன்னும் விடவில்லை.


நள்ளிரவுக்காட்சி | செவ்வாய், காலை 7.20

வானதி, அம்மாவுக்கு என் வணக்கம்.

அந்த ஆண்டு அது ஒரு தொற்று மாதிரி பரவியது. ஜூலையில் 'இந்தியன் 2' வந்த சில நாளில் பன்னிரண்டு நிமிடம் போனது. நவம்பரில் 'கங்குவா'வில் பன்னிரண்டு நிமிடம். 'கங்குவா'வில் காட்சியோடு நிற்கவில்லை. காது வலிக்கிறது என்று ஊரே கூச்சலிட்டதால், ஒலியளவை இரண்டு புள்ளி இறக்கி வைக்கும்படி திரையரங்குகளைத் தயாரிப்பாளர் தரப்பே கேட்டுக்கொண்டது. படத்தை வெட்டியதைப் பார்த்திருக்கிறேன். சத்தத்தை வெட்டியதை அப்போதுதான் பார்த்தேன்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். சான்றிதழ் வாங்கிய படத்தில் இப்படிக் கைவைத்தால் தணிக்கை வாரியத்துக்குத் தெரிவித்து, சான்றிதழிலும் பதியவைக்க வேண்டும். எடிட்டர் மனதுவந்து கத்தரித்தார் என்ற கதை இல்லை. நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனுக்கு இன்னொரு நடை போய்வர வேண்டும். அவ்வளவு சிரமப்பட்டும் வெட்டுகிறார்கள் என்றால் காரணம் கலை இல்லை, காட்சி நேரம். மூன்று மணி நேரப் படம், இடைவேளை, விளம்பரம், அரங்கைக் கூட்டிப் பெருக்கும் நேரம் எல்லாம் சேர்ந்தால் அடுத்த காட்சி தள்ளிப்போகிறது. இரவுக் காட்சி ஒரு மணிக்கு மேல் விடுகிறது. மறுநாள் அலுவலகம் போகிறவன் வரமாட்டான்.


கடைசி_வரிசை | செவ்வாய், காலை 9.48

பதினைந்து வருடமாக இதே புலம்பல். 1948-இல் 'சந்திரலேகா' மூன்றேகால் மணி நேரத்துக்கு மேல். நம் தாத்தாக்கள் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார்கள். சாய்மானம்கூடக் கிடையாது.


தாம்பரம்_தம்பி | செவ்வாய், காலை 9.55

அதில் முரசு நடனம் இருந்தது ஐயா. முரசு நடனம் வைத்தால் நானும் உட்காருவேன்.


ஆபரேட்டர்_ராயபுரம் | செவ்வாய், பிற்பகல் 3.30

இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருப்பேன். வெட்டு என்றதும் கை சும்மா இருக்கவில்லை.

வடசென்னையில் ஒரு தியேட்டரில் 1981 முதல் இருபத்தேழு வருடம் ஆபரேட்டராக இருந்தேன். இப்போது அந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது. பெயர் வேண்டாம். நான் சொல்லப்போவது அதற்குப் பெருமை சேர்க்காது.

முதலில் கணக்கு. 35 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்கு 16 பிரேம். நொடிக்கு 24 பிரேம் ஓடும். அதாவது நிமிடத்துக்கு 90 அடி. வானதி அம்மா சொன்ன பதினெட்டு நிமிடம் என்பது 1,620 அடி. தரையில் விரித்தால் எங்கள் தெருவில் நாலு முறை போய்வரும். இப்போது அதைப் பொத்தானைத் தட்டி எடுத்துவிடுகிறார்கள்.

எங்கள் காலத்தில் நான் எடுத்தேன். கையால்.

கடைசிக் காட்சி விட்டதும் ஜனங்கள் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பஸ் போய்விட்டால் மறுநாள் அந்தக் குடும்பம் வராது. அதனால் படம் கொஞ்சம் நீளமாக இருந்தால் முதலாளி மாடிக்கு வருவார். படியேறும்போதே அவர் மூச்சு வாங்குவது கேட்கும். வந்து, "இரண்டாவது பாட்டு எப்படி?" என்பார். அவ்வளவுதான் பேச்சு. எடுத்துவிடு என்று அர்த்தம். சில சமயம் விநியோகஸ்தர் ஆபீஸிலிருந்தே சீட்டு வரும், அது முறைப்படி. இது எங்களுக்குள்.

பாட்டின் தலைப்பில் ஒரு பிரேமுக்கும் வாலில் ஒரு பிரேமுக்கும் காகிதத் துண்டு வைத்து அடையாளம் செய்வேன். கத்தரிப்பேன். ஒட்டுகிற முனையில் இருக்கும் பூச்சை பிளேடால் சுரண்ட வேண்டும். அழுத்திச் சுரண்டினால் பிலிம் கிழியும். லேசாகச் சுரண்டினால் ஒட்டாது. பிலிம் சிமெண்டை ஒரு இழுப்பு இழுத்து, மேலே மறு முனையை வைத்து அழுத்திப் பிடித்தபடி பத்து வரை எண்ணுவேன். அந்த வாசனை இப்போதும் என் மூக்கில் இருக்கிறது.

நான் எத்தனை சுத்தமாக ஒட்டினாலும் ஒரு விஷயத்தை மறைக்க முடியாது. பிலிமில் படமும் அதற்கான ஒலியும் ஒரே இடத்தில் இருக்காது. ஒலி ஏறக்குறைய 20 பிரேம் முன்னால் தள்ளிப் பதிவாகியிருக்கும். அதனால் ஒரு காட்சியை எடுத்துவிட்டாலும் அதன் தொடக்க ஒலி ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். திரையில் அடுத்த காட்சி வந்துவிட்டிருக்கும். வெட்டிய காட்சியில் பேச வாயெடுத்தவர் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுத்தான் போவார். முழு நொடிகூட இல்லை. ஆனால் கேட்கும். ஒரு படத்தில் பெட்ரூம் காட்சிக்கு மேல் "ஐயா" என்று ஒரு கிழவரின் குரல் வந்து விழுந்து கொட்டகையே சிரித்தது. நான் மேலே உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டேன். அந்தக் கிழவருக்கு இரண்டு நிமிடக் காட்சி. நன்றாக நடித்திருந்தார்.


வேளச்சேரி_வானதி | செவ்வாய், மாலை 4.02

ஐயா, இதை அம்மாவுக்குப் படித்துக்காட்டினேன். "அந்த ஆளைக் கேள், யாரும் சண்டைக்கு வரவில்லையா?" என்கிறார்.


ஆபரேட்டர்_ராயபுரம் | செவ்வாய், மாலை 5.15

வந்தார்கள் அம்மா. மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற ஒருவர் இருந்தார். பிடித்த படத்தைப் பத்துத் தடவை பார்ப்பார். ஐந்தாவது தடவை பாட்டு இல்லை. இடைவேளையில் நேராக மாடி ஏறிவந்து அறைக் கதவைத் தட்டினார். நான் கதவைத் திறக்கவில்லை. வெளியே நின்றபடியே அந்தப் பாட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் பாடிவிட்டுப் போனார். குரல் சுமார்தான்.

அடுத்த நாள் பாட்டை ஒட்டிவிட்டேன். முதலாளியிடம் என்ன பொய் சொன்னேன் என்பது நினைவில்லை.


கடைசி_வரிசை | செவ்வாய், இரவு 8.30

ஆபரேட்டர் ஐயாவுக்கு ஒரு கும்பிடு. இதற்கு மேல் நான் சினிமாவைப் பற்றிப் பேசுவது அதிகப்பிரசங்கித்தனம், ஆனாலும் பேசுவேன்.

எல்லாரும் கடிகாரத்தைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். என் அனுபவத்தில் நான் பார்த்த மிக நீளமான படம் 'கொட்டுக்காளி'. ஒன்றே முக்கால் மணி நேரம்கூடக் கிடையாது. பின்னணி இசை கிடையாது. பேய் பிடித்ததாகச் சொல்லி ஒரு பெண்ணை ஆட்டோவில் சாமியாடியிடம் கூட்டிப்போகிறார்கள். வழி நெடுக அந்தப் பெண் பேசமாட்டேன் என்கிறாள். வண்டிச் சத்தம், காற்று, கட்டிப்போட்ட சேவல். அண்ணா நகர்ப் பக்கம் ஒரு அரங்கில் முப்பது பேர் இருந்தோம். சூரி படம் என்று சிரிக்க வந்தவர்கள் பாதிப் பேர். முடிந்து விளக்கு போட்டதும் என் முன்வரிசைக்காரர், "கரண்ட் போய்விட்டதா?" என்று கேட்டார். சூரி நடித்த பாண்டி என்ன முடிவெடுத்தான் என்று சொல்லாமலே இயக்குநர் வினோத்ராஜ் முடித்துவிட்டார் அல்லவா, அவருக்குப் படம் முடிந்ததே தெரியவில்லை. எனக்கும் கொஞ்சம் எரிச்சல்தான்.


வேளச்சேரி_வானதி | செவ்வாய், இரவு 9.10

எரிச்சல் சரி. மறந்தீர்களா?


கடைசி_வரிசை | செவ்வாய், இரவு 9.32

இல்லை. அதைத்தான் சொல்ல வந்தேன், இடையில் புகுந்துவிட்டீர்கள்.

வழியில் ஒரு காளை நிற்கும். அத்தனை ஆண்பிள்ளைகளும் இறங்கி, ஒதுங்கி, குரல் கொடுத்து, ஒருவரும் கிட்டப் போகமாட்டார்கள். ஒரு சின்னப் பெண்பிள்ளை வந்து அதைக் கூட்டிக்கொண்டு போய்விடும். அவ்வளவுதான் காட்சி. இதற்கு ஒரு வாத்தியத்தைச் சேர்த்திருந்தால் நாம் கைதட்டிவிட்டு அன்றைக்கே மறந்திருப்போம். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்து, பேத்தி நாயை இழுத்துக்கொண்டு தெருவில் போவதைப் பார்த்தபோது சட்டென்று நினைவு வந்தது. படம் எனக்கு அப்போதுதான் முடிந்தது. பெர்லின் திரைப்பட விழாவில் திரையிட்டார்களாம், இருக்கட்டும். என் வரைக்கும் மேற்கு மாம்பலம் தெருவில்தான் அது ஓடியது.

ஆனால் அதற்கு இடைவேளை விட்டார்கள் பாருங்கள், அதை மன்னிக்கமாட்டேன். இசையே இல்லாத படத்தில் நடுவே விளக்கைப் போட்டு, பாப்கார்ன் விளம்பரத்தை முழுச் சத்தத்தில் ஓட்டினால் என்ன மிஞ்சும்?


நள்ளிரவுக்காட்சி | செவ்வாய், இரவு 10.05

அதே நாளில்தான் 'வாழை'யும் வந்தது, 2024 ஆகஸ்ட் 23. இரண்டையும் அடுத்தடுத்து ஒரே நாளில் பார்த்தேன். பரிந்துரைக்கமாட்டேன். மறுநாள் சாப்பாடு இறங்கவில்லை.

'வாழை'யில் முதல் பாதி முழுக்க ரஜினி, கமல் சண்டை, டீச்சர் மேல் சிறுவனுக்குப் பிரியம் என்று போவதால், தம்பி மாதிரி ஆட்கள் "இதில் அரை மணி நேரத்தை எடுக்கலாம்" என்பார்கள். நானும் இடைவேளையில் அப்படித்தான் நினைத்தேன். அந்த விளையாட்டெல்லாம் இல்லாவிட்டால் கடைசி லாரி எனக்கு வெறும் செய்தியாக இருந்திருக்கும். சுமக்கிற வாழைத் தாருக்கு ஒரு ரூபாய் கூலியைக் கூட்டிக் கேட்டதற்காக, தாரின் மேலேயே ஆட்களை ஏற்றி அனுப்புகிற லாரி. அந்தப் பையனின் தலை எத்தனை கனம் தாங்கியது என்பதை அதற்கு முன்பே நிதானமாகக் காட்டிவிட்டதால்தான் என் கழுத்து வலித்தது.


தாம்பரம்_தம்பி | புதன், காலை 8.15

சரி, எல்லாரும் சேர்ந்து என்னை வாரிவிட்டீர்கள். ஒரு விஷயத்தில் மட்டும் பின்வாங்குகிறேன். நேற்று இரவு 'மெய்யழகன்' கடைசி அரை மணி நேரத்தைச் சாதாரண வேகத்தில் திரும்பப் பார்த்தேன். ஒன்றேகால் வேகத்தில் பார்த்தபோது அரவிந்த்சாமி அழுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் சும்மா இருப்பது எனக்குத் தெரியவே இல்லை. இப்போது தெரிந்தது. ஆனால் 'பைசன்' காதல் பகுதியைப் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை, அண்ணா.

என் பங்குக்கு ஒரு படம் சொல்கிறேன். 'பறந்து போ'. கடன், தவணை என்று ஓடுகிற அப்பாவும், வீட்டுக்குள் அடைபட்ட பையனும் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ராம் படம் என்றால் அழத் தயாராகப் போவோம். இதில் சிரிக்கவைத்து அனுப்பினார். அதே ஜூலை 4-ஆம் தேதிதான் '3பிஎச்கே'யும் வந்தது. சென்னையில் வீடு வாங்கத் தலைகீழாக நிற்கும் குடும்பம். ஒரே நாளில் ஒரு படம் வீடு வாங்கு என்றது, ஒரு படம் வீட்டைவிட்டு ஓடு என்றது. நாங்கள் தாம்பரத்தில் வாடகைக்கு இருக்கிறோம். அப்பா '3பிஎச்கே' பார்த்துவிட்டு வழி முழுக்க ஒன்றும் பேசவில்லை. பெருங்களத்தூர் தாண்டியதும் வட்டி எத்தனை சதவீதம் என்று மட்டும் கேட்டார்.


மாம்பலம்_மணியன் | புதன், காலை 10.30

இழையைத் தொடங்கியவன் என்ற உரிமையில் ஆபரேட்டர் ஐயாவிடம் ஒன்று கேட்கிறேன். வெட்டிய துண்டுகளை என்ன செய்வீர்கள்? பெட்டியோடு திருப்பிக் கொடுத்துவிடுவீர்களா?


ஆபரேட்டர்_ராயபுரம் | புதன், பிற்பகல் 2.45

கொடுத்துவிட வேண்டும். படம் இறங்கும்போது திரும்ப ஒட்டித்தான் பெட்டியை அனுப்புவோம். அடுத்த ஊர்க்காரன் என்ன செய்வான் என்பது அவன் பாடு. ஆனால் ஒவ்வொரு ஒட்டுக்கும் இந்தப் பக்கம் ஒரு பிரேம், அந்தப் பக்கம் ஒரு பிரேம் வீணாகும். அறுந்த இடத்திலும் அப்படித்தான். நாலு ஊர் சுற்றிவந்த பெட்டியில் அப்படியே ஒரு வசனம் காணாமல் போயிருக்கும்.

அந்த உதிரித் துண்டுகளை நான் ஒரு பிஸ்கெட் டின்னில் போட்டுவைப்பேன். மகன் சின்னவனாக இருந்தபோது கேட்பான். இப்போது அவனுக்கே பையன் இருக்கிறான். போன மே மாதம் பேரனைக் கூட்டிக்கொண்டு 'டூரிஸ்ட் ஃபேமிலி' போனேன். இலங்கையிலிருந்து வந்த குடும்பம் பேசுகிற தமிழ் அவனுக்குப் புரியாமல் என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தான். நான் எனக்குப் புரிந்த மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தேன். திரும்பி மேலே பார்த்தேன், பழக்கம். ஜன்னலில் ஆள் இல்லை. படம் கணினியிலிருந்து தானாக ஓடுகிறது. எங்கே எந்தத் திரைக்கு எத்தனை நாள் ஓடலாம் என்று சாவி வைத்துப் பூட்டி அனுப்புகிறார்களாம். வெட்டினால் புதுசாக ஒன்று வந்துவிடும், பழையது அழிந்துபோகும். டின்னுக்கு வேலை இல்லை.


நள்ளிரவுக்காட்சி | புதன், மாலை 6.10

ஐயா! வியாசர்பாடியில் பள்ளிக்கூட வாசலில் அந்தத் துண்டுகளைத்தான் நாங்கள் பத்துப் பைசா கொடுத்து வாங்கினோம். பியூஸ் போன பல்பின் அடியைத் தட்டி எடுத்து, உள்ளே தண்ணீர் நிரப்பி, அதுதான் லென்ஸ். வெளியே ஒருவன் கண்ணாடியைப் பிடித்து வெயிலை ஜன்னல் வழியாகத் திருப்புவான். உள்ளே அப்பாவின் வேட்டிதான் திரை. எம்.ஜி.ஆர். துண்டுக்கு இரட்டை விலை. படம் தலைகீழாக விழும், நாங்களும் தலையைச் சாய்த்துக்கொண்டு பார்ப்போம். உங்கள் டின்னிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம்.


கடைசி_வரிசை | புதன், மாலை 6.40

பிலிமைத் திருப்பிச் செருகியிருந்தால் நேராக விழுந்திருக்குமே.


நள்ளிரவுக்காட்சி | புதன், மாலை 6.44

அது எங்களுக்கு ஆறாம் வகுப்பில்தான் தெரிந்தது.


வேளச்சேரி_வானதி | புதன், இரவு 8.00

அந்த டின் இன்னும் இருக்கிறதா, ஐயா? அம்மா கேட்கிறார். நானும்தான்.


ஆபரேட்டர்_ராயபுரம் | புதன், இரவு 9.25

இருக்கிறது. இப்போதுதான் பரணிலிருந்து இறக்கினேன். மூடியைத் திறந்தால் காடி வாடை முகத்தில் அடிக்கிறது. பிலிம் கெட ஆரம்பித்தால் அப்படித்தான். பாதி சுருண்டு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒரு துண்டு மட்டும் நன்றாக இருக்கிறது. இருபது, இருபத்திரண்டு பிரேம் இருக்கும். ஒரு பெண் பஸ்ஸிலிருந்து இறங்குகிறாள். கையில் தகரப் பெட்டி. ஒரு கால் படியில், ஒரு கால் தரைக்கு மேலே. தரையைத் தொடுவதற்குள் துண்டு முடிந்துவிடுகிறது. முகம் தெரிந்த முகம் இல்லை. எந்தப் படம் என்று எவ்வளவோ யோசித்துவிட்டேன்.


மாம்பலம்_மணியன் | புதன், இரவு 9.50

ஞாயிற்றுக்கிழமை வடபழனியில் மாலை 6.30 காட்சிக்கு 'பைசன்' ஆறு டிக்கெட் எடுத்துவிட்டேன். எனக்கு இரண்டாவது தடவை. வானதி அம்மாவுக்கு ஓர இருக்கை, தூங்கினால் யாருக்கும் தெரியாது. தம்பி, கைபேசியை என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஐயா, அந்தத் துண்டை ஒரு கவரில் போட்டு எடுத்துவாருங்கள். வாசல் டியூப் லைட்டில் பிடித்துப் பார்த்துவிடலாம்.


வேளச்சேரி_வானதி | புதன், இரவு 9.58

அம்மா பூதக்கண்ணாடி எடுத்துவருகிறாராம். தூங்குகிறவர் என்று நீங்கள் எழுதியதையும் பார்த்துவிட்டார். சீக்கிரம் வந்து வாசலிலேயே நில்லுங்கள், பேச வேண்டியிருக்கிறதாம்.